பெரிய ஷீட்டில் டூப்ளிகேட் வரிகள்: பட்டனை அழுத்துவதற்கு முன்னும் பின்னும்

டூப்ளிகேட்டை நீக்கும் ரிமூவ் டூப்ளிகேட்ஸ் பட்டன் எக்செல்லில் மேலே உள்ள டேட்டா டேபிலேயே (Data tab) இருக்கிறது. லட்சக்கணக்கில் வரிகள் இருந்தாலும் அது பெரிதாகத் திணறுவதில்லை. சிக்கல் விடையில்தான் வருகிறது: போக வேண்டிய வரிகள் தங்கிவிடுகின்றன, தங்க வேண்டியவை போய்விடுகின்றன. ஐந்நூறு வரி ஷீட் என்றால் கண்ணில் பட்டுவிடும். மூன்று லட்சம் வரியில் எதுவும் கண்ணில் படாது. எனவே எந்த வரியை டூப்ளிகேட் என்று சொல்லப்போகிறோம், ஒப்பிடும் முன் டேட்டாவை எப்படிச் சுத்தம் செய்யப்போகிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும்தான் அதிக நேரம் தர வேண்டும். நீக்குவது கடைசி வேலை.

முதலில் சாவியைத் தீர்மானியுங்கள்

ஒரு வரியை அடையாளம் காட்டும் நெடுவரிசை அல்லது நெடுவரிசைகளின் சேர்க்கைதான் சாவி. விற்பனைப் பட்டியல் ஒன்றில் தேதி, வாடிக்கையாளர், பொருள், அளவு, தொகை ஆகியவை இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரே வாடிக்கையாளர் ஒரே நாளில் அதே பொருளை இரண்டு முறை வாங்கியிருக்கலாம். ஐந்து நெடுவரிசைகளும் அச்சு அசலாக ஒத்திருந்தாலும் அவை இரண்டு தனி விற்பனைகள். ஒன்றை நீக்கினால் கணக்கு குறையும். பில் எண்ணும் பில்லுக்குள் உள்ள வரிசை எண்ணும் சாவியில் சேர்ந்தால்தான் உண்மையான டூப்ளிகேட் எது என்று தெரியும்.

இதற்கு எதிரான தவறும் உண்டு. சிஸ்டத்திலிருந்து எடுத்த ஃபைலில் ‘பதிவிறக்கிய நேரம்’ போன்ற நெடுவரிசை இருந்தால், அதையும் சேர்த்து முழு வரியை ஒப்பிடும்போது ஒரு டூப்ளிகேட்கூட அகப்படாது. ஒவ்வொரு நெடுவரிசையையும் பார்த்து, ‘இது மாறினால் இது வேறு பதிவா?’ என்று கேளுங்கள். ஆம் என்றால் மட்டும் அது சாவியில் சேரட்டும்.

சாவி ஒத்துப்போய் மற்ற விவரம் மாறினால் எந்த வரி தங்க வேண்டும் என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகத் திருத்தியதா, முதலில் பதிவானதா, அதிக விவரம் உள்ளதா? எக்செல் இதைக் கேட்பதில்லை. மேலே இருக்கும் வரியை வைத்துக்கொண்டு கீழே இருப்பதை நீக்கிவிடும்.

ஃபைலைத் திறக்கும்போதே நடக்கும் சேதம்

எக்செல்லின் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிகள்தான் கொள்ளும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் 65,536 மட்டுமே. அதைவிடப் பெரிய சிஎஸ்வி ஃபைலை (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் வெறும் எழுத்து ஃபைல்) திறந்தால் மிச்சம் ஏறாது. வரும் எச்சரிக்கையைக் கவனிக்காமல் மூடி, அதே பெயரில் சேமித்தால் மிச்ச வரிகள் ஃபைலிலிருந்தே போய்விடும்.

சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்து திறப்பது இன்னொரு ஆபத்து. முன்னால் பூஜ்யம் உள்ள குறியீடுகள் பூஜ்யத்தை இழக்கும்: 00452 வெறும் 452 ஆகிவிடும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறிவிடும். கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபட்ட பத்துக் கணக்குகள் ஒன்றாகிவிடும். பிறகு அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் போனது திரும்பாது.

தேதிகளும் இப்படித்தான். கணினி மாதம்-நாள் என்ற முறையில் அமைந்திருக்க, ஃபைல் நாள்-மாதம் முறையில் இருந்தால், 03/04/2024 மார்ச் 4 ஆகிவிடும். 25/04/2024 தேதியாகவே ஏற்கப்படாமல் டெக்ஸ்டாக நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில செல்கள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். டெக்ஸ்டாக நிற்பவற்றை மட்டும் திருத்திப் பயனில்லை. தேதியாக ஏறியவை ஏற்கெனவே தவறாக இருக்கின்றன. மூல ஃபைலுக்குத் திரும்பி, நெடுவரிசை வகையைச் சொல்லி இறக்குமதி செய்வதுதான் தீர்வு.

எனவே பெரிய சிஎஸ்வியைத் திறக்காதீர்கள், இறக்குமதி செய்யுங்கள். அதற்கான வழி, எக்செல்லுக்குள் இருக்கும் இறக்குமதிக் கருவியான பவர் குவெரி. கீழே விரிவாக வருகிறது.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

டூப்ளிகேட் தங்கிவிடுவதற்குப் பெரிய காரணம் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள். பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி இருந்தாலே அது வேறு மதிப்பு. எக்செல்லின் ட்ரிம் ஃபங்ஷன் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்கும். நடுவில் இரண்டு மூன்று இருந்தால் ஒன்றாக்கும். ஆனால் வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த டேட்டாவில் வரும் 160ஆம் எண் இடைவெளியை ட்ரிம் தொடாது. கிளீன் ஃபங்ஷனும் தொடாது. அது 0 முதல் 31 வரையிலான கட்டுப்பாட்டு எழுத்துகளை மட்டும் நீக்கும். ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: சப்ஸ்டிடியூட் ஃபங்ஷனால், யூனிகேர் (UNICHAR) ஃபங்ஷன் தரும் 160ஆம் எழுத்தைச் சாதாரண இடைவெளியாக மாற்றுங்கள்; அந்த விடையை கிளீனுக்குள் வையுங்கள்; அதை ட்ரிம்முக்குள் வையுங்கள். அகலமே இல்லாத 8203, 8204, 8205 ஆகிய எழுத்துகள் இருந்தால் அவற்றையும் சப்ஸ்டிடியூட் போட்டு வெற்றாக மாற்ற வேண்டும். சந்தேகமான செல்லின் நீளத்தை லென் ஃபங்ஷனால் அளந்து பாருங்கள். ஒரே போலத் தெரியும் இரண்டு பெயர்களின் நீளம் வேறாக வந்தால் உள்ளே ஏதோ ஒளிந்திருக்கிறது.

தமிழ் டேட்டாவில் இதற்கு மேலும் ஒரு கண்ணி உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ஓகார, ஔகாரக் குறிகளும் அப்படியே. திரையில் எந்த வித்தியாசமும் இராது. பைத்தான் போன்ற நிரல்மொழிகளுக்கு அவை இரு வேறு சொற்கள். ஔகாரத்தின் பின்பாதிக்குப் பதிலாக ‘ள’ எழுத்தையே தட்டியிருப்பதும் அடிக்கடி வரும். ‘ஸ்ரீ’யும் இரண்டு விதமாகச் சேமிக்கப்படுகிறது: ஒன்று ஸகரத்தில் தொடங்கும், மற்றொன்று ஶகரத்தில் தொடங்கும். இரண்டு குறிகளாக வந்தவற்றை யூனிகோடின் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு, அதாவது ஒரே குறியாகச் சேர்த்து எழுதும் வடிவத்துக்கு, மாற்றினால் ஒன்றாகிவிடும். ‘ள’ தவறையும் ‘ஸ்ரீ’யையும் அது சரி செய்யாது, அவற்றைத் தேடி மாற்றத்தான் வேண்டும்.

எண்ணாக இருக்கும் 452உம் டெக்ஸ்டாக இருக்கும் 452உம் கருவிக்குக் கருவி வேறுவிதமாக நடத்தப்படும். சமக்குறி போட்டு ஒப்பிட்டால் வேறு. ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுண்ட்இஃப் ஃபங்ஷனின் கண்ணுக்கு ஒன்று. எக்செல்லின் ரிமூவ் டூப்ளிகேட்ஸ் செல்லில் காட்டப்படுவதை வைத்து ஒப்பிடுகிறது. ஒரே தேதி ஒரு செல்லில் 08/03/2024 என்றும் இன்னொன்றில் மாதப் பெயருடனும் காட்டப்பட்டால், அவை வேறு வேறு என்றே அதற்குப் படும். அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரே வடிவமைப்பு கொடுத்துவிடுங்கள்.

சாவி நெடுவரிசை

மூல நெடுவரிசைகளைத் திருத்த வேண்டாம். பக்கத்தில் ஒரு புது நெடுவரிசை போட்டு, சுத்தம் செய்த மதிப்புகளைச் சேர்த்து ஒரே சாவியாக்குங்கள். சேர்க்கும்போது நடுவே டேட்டாவில் எங்கும் வராத பிரிப்பான் ஒன்று, எடுத்துக்காட்டாகச் செங்குத்துக் கோடு, கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் 12உம் 3உம் சேர்ந்த 123க்கும், 1உம் 23உம் சேர்ந்த 123க்கும் வித்தியாசம் இராது. செல்களைப் பிரிப்பானோடு சேர்க்கும் டெக்ஸ்ட்ஜாயின் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் வெற்றுச் செல்களை விட்டுவிடும் விருப்பத்தை ஃபால்ஸ் என்று வையுங்கள். ட்ரூ என்றால் காலியான இடம் சுருங்கி அதே குழப்பம் வரும். தேதி செல்லைச் சேர்த்தால் 2024 ஜனவரி 1 என்பது 45292 என்று வரும். பயப்பட வேண்டாம், அது எக்செல் தேதியை உள்ளே வைத்திருக்கும் எண். சாவிக்கு அதுவே நல்லது, ஏனெனில் காட்சி வடிவம் அதைப் பாதிக்காது.

கவுண்ட்இஃப் ஏன் உறைய வைக்கிறது

டூப்ளிகேட் தேட எல்லோரும் முதலில் போடுவது கவுண்ட்இஃப். ஒவ்வொரு வரியும் தனக்கு மேலுள்ள எல்லா வரிகளையும் ஒப்பிடுமாறு எழுதினால், 1 லட்சம் வரிக்குச் சுமார் 500 கோடி ஒப்பீடுகள். வரிகள் இரட்டிப்பானால் வேலை நான்கு மடங்காகும். டூப்ளிகேட்டுக்கு நிறம் பூசும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கும் பெரிய ஷீட்டில் இதே கதிதான். நிறத்தை வைத்து ஃபில்டர் செய்யப் போனால் ஸ்க்ரோல்கூட நகராது.

வேகம் மட்டும் பிரச்சினை என்றால் காத்திருக்கலாம். கவுண்ட்இஃப் தவறாகவும் எண்ணும். டெக்ஸ்டாகவே வைத்த 16 இலக்க எண்ணையும் அது எண்ணாக மாற்றி 15 இலக்கத்தோடு நிறுத்தி ஒப்பிடுகிறது. மதிப்பில் நட்சத்திரக் குறியோ கேள்விக்குறியோ இருந்தால் அதை ‘எந்த எழுத்தும்’ என்று எடுத்துக்கொள்ளும். 255 எழுத்துகளைத் தாண்டிய சாவிக்குப் பிழை தரும். பெரிய ஷீட்டுக்கு இதை விட்டுவிடுவதே நல்லது.

வரிசைப்படுத்தி, மேல் வரியோடு மட்டும் ஒப்பிடுதல்

ஒரே சாவிகள் அடுத்தடுத்து நின்றுவிட்டால் ஒவ்வொரு வரியையும் ஒரே ஒரு வரியோடு ஒப்பிட்டால் போதும். 500 கோடி 1 லட்சமாகக் குறைகிறது. எந்தப் பதிப்பு எக்செல்லிலும், லிப்ரே ஆஃபீஸ் கால்க்கிலும் இது வேலை செய்யும்.

1. ஃபைலை வேறு பெயரில் சேமியுங்கள். ஃபார்முலாஸ் டேபில் கால்குலேஷன் ஆப்ஷன்ஸைத் திறந்து மேனுவல் என்று மாற்றுங்கள். கணக்கிட வேண்டியபோது எஃப்9.
2. ஃபில்டர், இணைத்த செல்கள், நடுவே உள்ள வெற்று வரிகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கன்ட்ரோல்-எண்ட் அழுத்தி டேட்டா எங்கே முடிகிறது என்று பாருங்கள்.
3. ‘மூல வரிசை’ என்று ஒரு நெடுவரிசை போட்டு 1, 2, 3 என ஃபில் சீரிஸால் நிரப்புங்கள். பழைய வரிசைக்குத் திரும்ப இதுதான் வழி.
4. சாவி நெடுவரிசையைக் கணக்கிட்டு, நகலெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் என்று அதே இடத்தில் ஒட்டுங்கள்.
5. சார்ட் (Sort, வரிசைப்படுத்தல்): முதல் நிலை சாவி, இரண்டாம் நிலை திருத்திய தேதி. புதியது தங்க வேண்டும் என்றால் தேதி இறங்குவரிசையில்.
6. குறி நெடுவரிசையில், இந்த வரியின் சாவி மேல் வரியின் சாவிக்குச் சமமானால் 1, இல்லையேல் 0 தருமாறு இஃப் எழுதி, கீழ் வரை நிரப்பி எஃப்9 அழுத்துங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு முக்கியம் என்றால் சமக்குறிக்குப் பதில் எக்ஸாக்ட். அப்படியானால் 5ஆம் படியில் சார்ட் ஆப்ஷன்ஸில் கேஸ் சென்சிடிவ் விருப்பத்தையும் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.
7. குறியையும் வேல்யூஸாக ஒட்டுங்கள். இதைத் தவறவிட்டால் அடுத்த சார்ட்டில் மேல் வரி மாறி, குறிகள் எல்லாம் கலைந்துவிடும்.
8. குறியை வைத்து சார்ட் செய்யுங்கள். 1 உள்ள வரிகள் கீழே ஒரே தொகுதியாக வந்துவிடும். அவற்றை ‘நீக்கியவை’ என்ற தனி ஷீட்டுக்கு நகர்த்துங்கள்.
9. மூல வரிசையால் சார்ட் செய்து பழைய ஒழுங்குக்குத் திரும்புங்கள்.

எட்டாவது படியை ஃபில்டர் போட்டுச் செய்ய ஆசை வரும். சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான வரிகளை ஃபில்டரில் நீக்கும்போது எக்செல் ஒவ்வொரு துண்டையும் தனியாக நகர்த்துகிறது, நிமிடக்கணக்கில் நிற்கும். ஒரே தொகுதியாக்கி நீக்கினால் உடனே போய்விடும்.

ரிமூவ் டூப்ளிகேட்ஸ் போதுமான இடங்கள்

சாவி தயார், வடிவமைப்பு ஒன்று, தங்க வேண்டிய வரி மேலே வருமாறு சார்ட் செய்தாயிற்று என்றால், டேட்டா டேபில் ரிமூவ் டூப்ளிகேட்ஸ் போதும். அன்செலக்ட் ஆல் அழுத்தி, சாவி நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுங்கள். முதல் வரி தலைப்பு என்றால் ‘மை டேட்டா ஹாஸ் ஹெடர்ஸ்’ பெட்டியில் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரே நெடுவரிசையை மட்டும் செலக்ட் செய்துவிட்டு இதை அழுத்தினால், தேர்வை விரிக்கவா என்று எக்செல் கேட்கும். இப்போதைய தேர்வோடு தொடரச் சொன்னால் அந்த நெடுவரிசையின் செல்கள் மட்டும் மேலே ஏறிவிடும். ஒருவரின் பெயருக்கு நேரே இன்னொருவரின் எண் வந்து நிற்கும். சேமித்து மூடிய பிறகு இதைக் கண்டுபிடித்தால், பழைய நகல் இல்லாமல் மீட்பது கடினம். எப்போதும் விரிக்கச் சொல்லுங்கள். இந்தக் கருவி பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பிரித்துப் பார்க்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எக்செல் 2021, 365 பதிப்புகளில் யூனிக் ஃபங்ஷன் உண்டு. மூலத்தைத் தொடாமல் பக்கத்தில் பட்டியல் தரும். அதன் மூன்றாம் மதிப்பை ட்ரூ என்று வைத்தால் ஒரே ஒரு முறை வந்தவை மட்டும் வரும்; இரண்டு முறை வந்தவை ஒன்றுகூட மிஞ்சாது. பலரும் தவறிக் கொடுப்பது இதைத்தான்.

பவர் குவெரி: மாதாமாதம் வரும் வேலைக்கு

எக்செல் 2016 முதல் உள்ளேயே இருக்கிறது. காலி வொர்க்புக்கைத் திறந்து, டேட்டா டேபில் கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி என்று போய், லோட் அழுத்தாமல் ட்ரான்ஸ்ஃபார்ம் டேட்டா அழுத்துங்கள். வலப்பக்கப் படிகளில் ‘சேஞ்ச்ட் டைப்’ என்று ஒன்று தானாகவே சேர்ந்திருக்கும். முதலில் அதை நீக்குங்கள். ஃபைலின் முதல் சில வரிகளைப் பார்த்து வகையை ஊகிப்பது அதுதான். முன்பூஜ்யங்களை விழுங்குவதும் அதுதான். பிறகு சாவி நெடுவரிசைகளுக்கு டெக்ஸ்ட் வகையை நீங்களே கொடுங்கள். தேதிக்கு ‘யூஸிங் லொகேல்’ வழியாகச் சென்று ஃபைல் எந்த நாட்டு முறையில் இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

அடுத்து, சாவி நெடுவரிசையை டூப்ளிகேட் காலம் மூலம் நகலெடுத்து, நகலில் ட்ரான்ஸ்ஃபார்ம் டேபின் ஃபார்மேட் மெனுவிலிருந்து ட்ரிம், கிளீன், லோயர்கேஸ் மூன்றையும் கொடுங்கள். இங்கே லோயர்கேஸ் அவசியம், ஏனென்றால் பவர் குவெரி பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறாகவே பார்க்கும். இங்குள்ள ட்ரிம் ஓரங்களை மட்டும் வெட்டும். நடுவே உள்ள இரட்டை இடைவெளிக்கு ரிப்ளேஸ் வேல்யூஸ் தேவை. பிறகு சுத்தம் செய்த சாவி நகல்களைக் கன்ட்ரோல் அழுத்தியபடி தேர்ந்தெடுத்து, ஹோம் டேபில் ரிமூவ் ரோஸ், ரிமூவ் டூப்ளிகேட்ஸ். எது போகும் என்று முதலில் பார்க்க, கீப் ரோஸ் மெனுவில் கீப் டூப்ளிகேட்ஸ் இருக்கிறது.

‘புதியது தங்கட்டும்’ என்பதற்காக இங்கே சார்ட் செய்துவிட்டு ரிமூவ் டூப்ளிகேட்ஸ் கொடுத்தால், சார்ட் செய்த ஒழுங்கு காப்பாற்றப்படும் என்ற உறுதி இல்லை. சார்ட் படியின் ஃபார்முலாவை டேபிள்.பஃபர் ஃபங்ஷனுக்குள் வைத்தால் ஒழுங்கு நிலைக்கும். ஆனால் முழு டேபிளும் நினைவகத்தில் ஏறும். பெரிய ஃபைலுக்கு குரூப் பை மேலானது: சாவியால் குழுவாக்கி, திருத்திய தேதியின் மேக்ஸை (கடைசித் தேதியை) எடுத்து, சாவியும் அந்தத் தேதியும் ஒத்துப்போகுமாறு மூல டேபிளோடு மெர்ஜ் செய்யுங்கள், அதாவது இணையுங்கள். ஒரே சாவிக்கு அதே கடைசித் தேதியில் இரண்டு வரிகள் இருந்தால் இரண்டும் வரும் என்பதால், இறுதியில் சாவியை வைத்து ஒரு ரிமூவ் டூப்ளிகேட்ஸ் கொடுத்துவிடுங்கள்.

திரையில் தெரிவது 1,000 வரி முன்னோட்டம்தான். நெடுவரிசை விவரங்களைப் பார்க்கும்போது கீழ்ப்பட்டையில் முழு டேட்டா செட்டுக்கு மாற்றுங்கள்; இல்லையென்றால் பிழையே இல்லை என்று தவறாக நம்பிவிடுவீர்கள். முடிவு ஷீட்டின் வரம்பைத் தாண்டினால் ‘குளோஸ் அண்ட் லோட் டூ’வில் கனெக்ஷன் மட்டும் உருவாக்கி, ஷீட்டுக்கு வெளியே டேட்டாவை வைத்திருக்கும் டேட்டா மாடலில் சேருங்கள். அடுத்த மாதம் அதே பெயரில் புது ஃபைலை வைத்து ரிஃப்ரெஷ் கொடுத்தால் எல்லாப் படிகளும் தானாக ஓடும்.

மற்ற கருவிகள்

கூகுள் ஷீட்ஸில் டேட்டா மெனுவின் டேட்டா கிளீனப் பகுதியில் ட்ரிம் வைட்ஸ்பேஸ், ரிமூவ் டூப்ளிகேட்ஸ் இரண்டும் இருக்கின்றன. முதலாவதை முதலில் கொடுங்கள். ஒரு ஃபைலின் வரம்பு 1 கோடி செல்கள், அதாவது 20 நெடுவரிசைக்கு 5 லட்சம் வரி. லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் ஸ்டாண்டர்ட் ஃபில்டரின் ஆப்ஷன்ஸை விரித்து ‘நோ டூப்ளிகேஷன்ஸ்’ தேர்ந்தெடுக்கலாம். அது மறைக்க மட்டுமே செய்யும் என்பதால், விடையை வேறிடத்துக்கு நகலெடுக்கும் விருப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

சில பத்து லட்சம் வரிகளுக்கு மேல் போனால் பைத்தானின் பாண்டாஸ் நூலகம் கைகொடுக்கும். படிக்கும்போதே எல்லா நெடுவரிசைக்கும் ஸ்ட்ரிங் வகை கொடுங்கள். டிராப் டூப்ளிகேட்ஸில் சப்செட்டாகச் சாவியையும், கீப் மதிப்பாக முதலாவது அல்லது கடைசியையும் சொல்லுங்கள். கீப் ஃபால்ஸ் என்றால் டூப்ளிகேட் ஆன எல்லா வரிகளும் போய்விடும். லினக்ஸின் சார்ட் கட்டளை வேகமானது, ஆனால் தலைப்பு வரியையும் கலந்துவிடும். ஒரு செல்லுக்குள்ளேயே வரி முறிவு இருக்கும் சிஎஸ்வியை அது துண்டு துண்டாக்கிவிடும்.

நீக்காமல் சேர்க்க வேண்டியவை

ஒரே நபருக்கு ஒரு வரியில் தொலைபேசி எண்ணும் இன்னொரு வரியில் மின்னஞ்சலும் இருந்தால், எதை நீக்கினாலும் இழப்புதான். பவர் குவெரியின் குரூப் பையில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மேக்ஸ் கொடுத்தால் வெற்று மதிப்புகளை விட்டுவிட்டு இருப்பதை எடுத்துக்கொள்ளும். ஆனால் இரண்டு வெவ்வேறு தொலைபேசி எண்கள் இருந்தால் ஒன்றைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். அதனால் முதலில் ஒவ்வொரு சாவிக்கும் எத்தனை வேறுபட்ட எண்கள் என்று எண்ணி, ஒன்றுக்கு மேல் உள்ளவற்றைக் கையால் பாருங்கள்.

‘மு. கண்ணன்’, ‘கண்ணன் மு’ போன்றவற்றுக்கு பவர் குவெரியில், ஏறத்தாழ ஒத்திருப்பவற்றை இணைக்கும் ஃபஸ்ஸி மெர்ஜ் இருக்கிறது. ஒற்றுமை வரம்பு இயல்பாக 0.80. அதன் விடையை வைத்து நேரடியாக எதையும் நீக்கக் கூடாது. அப்பாவும் மகனும், ஒரே தெருவில் வசிக்கும் ஒரே பெயர்க்காரர்களும் அதன் கண்ணுக்கு ஒருவர்தான். அது தருவதைச் சந்தேகப் பட்டியலாக மட்டும் வைத்து, பிறந்த தேதியோ வேறு அடையாளமோ ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

சரிபார்ப்பு

தொடக்கத்தில் இருந்த வரிகள் தங்கியவையும் நீக்கியவையும் சேர்ந்ததற்குச் சமமா என்று முதலில் பாருங்கள். அடுத்து தொகை நெடுவரிசை: மூலக் கூட்டலிலிருந்து நீக்கியவற்றின் கூட்டலைக் கழித்தால் தங்கியவற்றின் கூட்டல் வர வேண்டும். பிறகு, டேட்டாவைத் தொகுத்து எண்ணிக் காட்டும் பிவட் டேபிள் ஒன்றில் சாவியை ரோஸ் பகுதியிலும் அதன் கவுண்ட்டை வேல்யூஸ் பகுதியிலும் போட்டு இறங்குவரிசையில் அடுக்குங்கள். முதல் வரியிலேயே 1 நின்றால் வேலை சரி. இதே பிவட்டை நீக்கும் முன் ஒருமுறை போட்டுப் பார்ப்பது இன்னும் முக்கியம். ஒரு சாவி 4,000 முறை வருகிறது என்றால் அது பெரும்பாலும் டூப்ளிகேட்டாக இராது; வெற்றுச் சாவியோ, ‘இல்லை’ என்றோ 0 என்றோ யாரோ நிரப்பிய மதிப்போ ஆக இருக்கும். அப்படிப்பட்ட வரிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றை நீக்குங்கள். இல்லாவிட்டால் அந்த 4,000 பேரில் ஒருவர் மட்டும் மிஞ்சுவார்.

‘நீக்கியவை’ ஷீட்டில் எந்த வரி எந்த மூல வரிசை எண்ணுக்காக நீக்கப்பட்டது என்பதையும் ஒரு நெடுவரிசையில் குறித்து, ஃபைலோடு சேர்த்தே வைத்திருங்கள். ‘என் பதிவு எங்கே?’ என்று யாராவது கேட்டால், தேடிப் பார்த்து உடனே பதில் சொல்லலாம். தவறாக நீக்கியிருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் திரும்பச் சேர்க்கலாம்.